மேஜிக் மைக் கேக்குறதுக்காக ஒரு பழைய டெக்கும் ஒரு பேஸ் டப்பாவும்

டெக் (ரெக்கார்ட் சுத்துற டர்ன்டேபிள்) ஓடுது, சப்வூஃபர் (பேஸுக்கான, அதாவது அடி சத்தத்துக்கான ஸ்பீக்கர் டப்பா) ஓடுது, முக்கியமா ரெண்டும் ஒரே கராஜ்ல ஒண்ணா ஓடுது, ஊளை விடாம. அந்த கடைசி விஷயத்துக்குத்தான் காசை விட பொறுமை நெறைய செலவாச்சு. அதனால என்ன பண்ணேன், எங்க சுத்தி வந்தேன், எவ்ளோ ஆச்சுன்னு வரிசையா எழுதி வச்சுடறேன்.

எதுக்கு இவ்ளோ வேலைன்னா டிஜே மேஜிக் மைக். நிஜப் பேரு மைக்கேல் ஹேம்ப்டன், நான் இப்ப குடியிருக்கிற ஆர்லாண்டோ ஊர்க்காரர். 80-கள் கடைசில இங்க இருந்த சீட்டா ரெக்கார்ட்ஸ்ங்கிற சின்ன சுதந்திர லேபிள்ல ஆல்பம் போட்டு, பெரிய கம்பெனி சப்போர்ட் இல்லாமலே கோல்டு (அஞ்சு லட்சம் காப்பி போனா குடுக்கிற சான்று) வரைக்கும் போன ஆளு. ஆனா ஹிப் ஹாப் வரலாறு பேசுறவங்க நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ்னு போயிடுவாங்க, ஃப்ளோரிடான்னா மயாமியோட நிறுத்திடுவாங்க, அதுக்கு மூணரை மணி நேரம் வடக்க இருக்கிற ஆர்லாண்டோ யாருக்கும் ஞாபகம் வராது. இங்க கார் ஆடியோ கடைல பேர் சொன்னா வயசானவங்க சிரிப்பாங்க, "ஓ அந்த பேஸ் டெஸ்ட் பண்ற ஆளா"ன்னு. ஸ்க்ராட்ச் (ரெக்கார்டை கையால முன்ன பின்ன ஆட்டி சத்தம் எழுப்புறது) பழகுற பசங்க கிட்ட சொன்னா "யாரு?"ன்னு கேப்பாங்க. அந்த ஆளு ரெண்டும் சேத்து பண்ணாரு, ஜனங்க பாதி பாதியா எடுத்துக்கிட்டாங்கன்னுதான் எனக்கு தோணுது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, இயர்ஃபோன்ல கேட்டா ஸ்க்ராட்ச் மட்டும் கேக்கும், மச்சான் கார்ல கேட்டா பேஸ் மட்டும் கேக்கும், முழுசா ஒரு தடவை கேக்கணும்னு ஆரம்பிச்சதுதான் இது.

முதல்ல டெக். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. 1979-ல வந்த மாடல், டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாம மோட்டாரே நேரா சுத்தும்), குவார்ட்ஸ் லாக் (வேகம் மாறாம பிடிச்சு வைக்கும்), பிட்ச் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது) பிளஸ் மைனஸ் 8 சதவீதம். பெல்ட் டெக்ல ஸ்க்ராட்ச் பழகலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கையை எடுத்த உடனே பிளாட்டர் (ரெக்கார்ட் வைக்கிற தட்டு) பழைய வேகத்துக்கு வரணும், பெல்ட் வழுக்கும். இது நின்ன எடத்துல இருந்து 33⅓ வேகத்துக்கு வர 0.7 செகண்ட்தான். எனக்கு கிடைச்சது 380 டாலருக்கு, விக்கிறவர் "லெஃப்ட் பக்கம் சத்தம் வராது, கொஞ்சம் ஹம் (இரைச்சல்) இருக்கு"ன்னு நேர்மையா சொல்லிட்டாரு. நல்ல கண்டிஷன்ல உள்ளது இதை விட இருநூறு முன்னூறு கூட போகும்.

லெஃப்ட் வராததுக்கு ஊசி இருக்கிற கார்ட்ரிட்ஜ்தான் போயிருக்கும்னு நெனச்சு புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டேன், அப்பவும் வரல. முதல்லயே ஹெட்ஷெல்ல (கார்ட்ரிட்ஜை மாட்டுற முனை) இருக்கிற நாலு குட்டி ஒயர்ல லெஃப்ட் ஜோடியையும் ரைட் ஜோடியையும் மாத்திப் போட்டுப் பாத்திருக்கணும். மாத்தினப்புறம் சத்தம் போன பக்கமும் மாறினா கார்ட்ரிட்ஜ், மாறாம அதே பக்கம் ஊமையா இருந்தா அதுக்கு கீழ எங்கயோ கோளாறு. வெள்ளை லெஃப்ட், நீலம் லெஃப்ட் கிரவுண்ட், சிவப்பு ரைட், பச்சை ரைட் கிரவுண்ட், இது கிட்டத்தட்ட எல்லா கார்ட்ரிட்ஜுக்கும் ஒரே மாதிரிதான்.

கோளாறு டெக்ல இருந்து சத்தத்தை வெளிய கொண்டு போற ஆர்சிஏ கேபிள்ல. இந்த மாடல்ல கேபிள் உள்ளயே சால்டர் பண்ணி வரும், கழட்டி மாட்ட முடியாது, முப்பது வருஷத்துக்கு மேல ஆட்டி இழுத்தா எந்த கேபிளா இருந்தாலும் வெளிய வர்ற இடத்துல செத்துடும். பிளாட்டர், மேட், கவுன்டர்வெயிட் எல்லாம் முன்னாடியே எடுத்துடணும், டோன் ஆர்மை (ஊசியைத் தாங்குற கை) அதோட கிளிப்ல பூட்டிட்டு மேல ஒரு ரப்பர் பேண்டும் போட்டு, கீழ ரெண்டு தடிமனான டவல் விரிச்சு கவுத்துப் போடணும். நாலு காலும் கையாலயே திருகினா வந்துடும். கனமான ரப்பர் அடித்தட்டு இருபதுக்கு மேல ஸ்க்ரூவுல நிக்குது, எல்லாம் ஒரே நீளம் இல்ல, அதனால ஒரு அட்டைல அடித்தட்டு படம் வரைஞ்சு அந்தந்த எடத்துலயே ஸ்க்ரூவை குத்தி வச்சேன். இந்த ஒரு அட்டைதான் என்னைக் காப்பாத்துச்சு.

அடித்தட்டை எடுத்தா டோன் ஆர்முக்கு நேர் கீழ ஒரு சின்ன மூடி, அதுக்குள்ள சின்ன போர்டு, அதுல எல், ஆர், கிரவுண்ட்னு எழுதியிருக்கும். டோன் ஆர்ம்ல இருந்து வர்ற ஒயர் முடி மாதிரி இருக்கும், அதை தொடவே தொடாதீங்க, அது அறுந்தா கதை வேற. பழைய கேபிளை மட்டும் சால்டரை உறிஞ்சுற டீசால்டர் விக் வச்சு எடுத்துட்டு, 40 வாட் சால்டரிங் அயர்ன்ல புது கேபிளை வச்சேன், ஒவ்வொரு புள்ளிலயும் மூணு செகண்டுக்கு மேல சூடு காட்டல. அப்பறம் மல்டிமீட்டர்ல ஆர்சிஏ நுனிக்கும் ஹெட்ஷெல் பின்னுக்கும் கன்டின்யூட்டி (இணைப்பு விடாம இருக்கான்னு) பாத்தேன், நாலும் பீப் அடிச்சுது. கேபிள் 18 டாலர். தனி கிரவுண்ட் ஒயரை அப்படியே விட்டு மிக்சரோட (டெக் சத்தத்தை வாங்கி ஆம்புக்கு அனுப்புற பெட்டி) கிரவுண்ட் ஸ்க்ரூல மாட்டினதும் ஹம்மும் போச்சு.

வேகத்தை மாத்துற நழுவு பட்டன், அதாவது பிட்ச் ஃபேடர், அடுத்த தலைவலி. நடுவுல ஜீரோல வச்சாலும் பிளாட்டர் ஓரத்துல ஸ்ட்ரோப் லைட்ல தெரியுற புள்ளி (வேகம் சரியா இருந்தா நின்ன மாதிரி தெரியணும்) மெதுவா நகந்துக்கிட்டே இருந்துச்சு, தொட்டா துள்ளும். ஃபேடருக்குன்னு லூப்ரிகன்ட் கலந்து விக்கிற ஸ்ப்ரே வேணும், சாதா கான்டாக்ட் கிளீனர் அடிச்சா உள்ள இருக்கிற க்ரீஸையும் கழுவிட்டுப் போயிடும், அப்பறம் ஃபேடர் மண்ணுல தேய்க்கிற மாதிரி ஆகிடும். 15 டாலர் ஸ்ப்ரே, ரெண்டு துளி, மேல கீழ நாப்பது அம்பது தடவை ஓட்டினேன். இப்ப ஜீரோ வரிசை புள்ளி நிக்குது. இந்த டெக்ல ஸ்ட்ரோப் லைட்டை உள்ள இருக்கிற குவார்ட்ஸ்தான் ஓட்டுது, அதனால கரன்ட் 50 ஹெர்ட்ஸா 60-ஆன்னு கவலைப்பட வேண்டாம், எந்த நாட்டுலயும் அந்தப் புள்ளியை நம்பலாம்.

ஊசி பத்தி கொஞ்சம். ஸ்க்ராட்ச் ஆளுங்க எல்லாரும் கும்பிட்ட ஷூர் எம்44-7 இப்ப புதுசா வராது, ஷூர் 2018-ல கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுட்டாங்க. நான் போட்டது ஆர்ட்டோஃபான் கான்கார்ட் ஸ்க்ராட்ச், 150 டாலர் ஆச்சு, 4 கிராம் அழுத்தம். வீட்ல பாட்டு கேக்குறவங்க 4 கிராம்னா அலறுவாங்க, ரெக்கார்ட் தேயும், தேயத்தான் செய்யும், ஆனா பின்னாடி இழுக்கிறப்ப ஊசி குதிக்காம இருக்கணும்னா அந்த வெயிட் வேணும். ஆன்டி ஸ்கேட் (ஊசி உள்பக்கம் இழுபடாம எதிர்ப்பக்கம் இழுக்கிறது) ஜீரோ, ஏன்னா ரெக்கார்ட் ரெண்டு பக்கமும் ஓடுறப்ப ஒரு பக்கம் மட்டும் இழுக்கிற ஸ்ப்ரிங் தொல்லைதான். ரப்பர் மேட்டை எடுத்துட்டு ரெக்கார்ட் வழுக்குற மாதிரி ஃபெல்ட் ஸ்லிப்மேட், அதுக்கு அடில சமையலறைல இருந்து பேக்கிங் பேப்பர் எடுத்து 12 இன்ச் வட்டமா வெட்டி, நடுவுல ஸ்பிண்டில் நுழையிற அளவு ஓட்டை போட்டு வச்சேன். கடைல இதுக்குன்னே வழுக்கு ஷீட் விக்கிறாங்க, பேப்பர் நல்லாவே வேலை செய்யுது, அப்பப்ப மாத்தணும் அவ்ளோதான்.

இப்ப டப்பா. மச்சான் காரை வித்தப்ப டிக்கில இருந்த 12 இன்ச் வூஃபரை "மாமா, நீங்களே வச்சுக்கங்க, புதுக்கார்ல எடம் இல்ல"ன்னு குடுத்துட்டான், அதனால வூஃபர் செலவு இல்ல. சீல்டு பாக்ஸ்தான் (முழுசா மூடினது) போட்டேன். போர்ட் (காத்து போற குழாய்) வச்ச பாக்ஸ் சத்தம் அதிகமா குடுக்கும், ஆனா அது ட்யூன் பண்ண ஃப்ரீக்வென்சிக்கு கீழ போனா கோன் (வூஃபர்ல ஆடுற கூம்பு) பிடிமானமே இல்லாம ஆடும், டர்ன்டேபிள் கூட வைக்கிறப்ப அந்த கீழ்ப்பகுதிதான் ஆபத்து, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முக்கால் இன்ச் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை), 2 அடிக்கு 4 அடி ஷீட் ரெண்டு, ஒண்ணு 22 டாலர். முன்னாடி பின்னாடி 15க்கு 15 இன்ச் ரெண்டு, மேல கீழ 15க்கு 12 ரெண்டு, பக்கவாட்டு 13½க்கு 12 ரெண்டு. உள்ளளவு 13½ x 13½ x 12, அதாவது 1.27 கன அடி கிட்ட, வூஃபரோட காந்தம் அடைக்கிற எடத்தை கழிச்சா 1.15 சொச்சம் நிக்கும், இந்த மாதிரி 12 இன்ச் வூஃபருக்கு அது போதும். கடைலயே வெட்டிக் குடுத்துட்டாங்க. முன் பலகைல 11⅛ இன்ச் வட்டத்தை மட்டும் ஜிக்ஸால நான் வெட்டினேன், எம்டிஎஃப் தூசி மாவு மாதிரி பறக்கும், மாஸ்க் இல்லாம பண்ணாதீங்க, கராஜ் கதவைத் தொறந்து வச்சும் ஃப்ளோரிடா வேர்வைல அது முகம் பூரா அப்பிக்கிச்சு. எம்டிஎஃப் ஓரத்துல பைலட் ஓட்டை போடாம ஸ்க்ரூ ஏத்தினா பலகை பிளந்துடும், அதனால எல்லாத்துக்கும் முதல்ல சின்ன ட்ரில் பிட், அப்பறம் பசை, அப்பறம் ஸ்க்ரூ, உள்மூலை எல்லாத்துக்கும் சீலன்ட். பசை, சீலன்ட், ஸ்க்ரூ எல்லாம் 25 டாலர்.

ஒயரிங்ல ஒரு விஷயம். இது ரெண்டு காயில் உள்ள வூஃபர், ஒவ்வொண்ணும் 4 ஓம். கார் ஆம்ப்ல பேரலலா போட்டு 2 ஓம்ல ஓட்டிக்கிட்டு இருந்தான் மச்சான், அந்த கனெக்‌ஷனை அப்படியே விட்டு வீட்டு பிளேட் ஆம்ப்ல (டப்பாவுலயே பொருத்துற ஆம்ப்) குடுத்தேன், முதல் பெரிய கிக்குக்கே (டிரம்மோட அடி சத்தம்) ஆம்ப் ப்ரொட்டெக்‌ஷனுக்குப் போயிடுச்சு. மீட்டர் வச்சா 1.8 ஓம், அவ்ளோ குறைஞ்சா இந்த ஆம்ப் பாரம் தாங்காது. கழட்டி சீரீஸ்ல போட்டதும் 7.2 காட்டுச்சு, அதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல. பிளேட் ஆம்ப் 140 டாலர், அதுல லோ பாஸ் (அதுக்கு மேல உள்ள சத்தத்தை வெட்டுறது) 90 ஹெர்ட்ஸ்ல வச்சிருக்கேன், சப்சானிக் ஃபில்டர் (ரொம்ப கீழ உள்ள அதிர்வை வெட்டுறது) நாப் ஒண்ணும் இருக்கு, இது இல்லாத ஆம்ப் இந்த வேலைக்கு வாங்காதீங்க.

எல்லாம் மாட்டி, டெக்கை சப் மேலயே வச்சு (எடம் மிச்சம்னு ஒரு ஐடியா), வால்யூமை பாதி கூட ஏத்தல, ஊஊஊன்னு ஆரம்பிச்சுது. ரெக்கார்ட் சுத்தவே இல்ல, ஊசி மட்டும் அது மேல இருக்கு, அவ்ளோதான். சப் அதிர்ந்தா டெக் அதிருது, டெக் அதிர்ந்தா ஊசி அதை பாட்டுன்னு நெனச்சு திரும்ப ஆம்புக்கு அனுப்புது, சுத்திச் சுத்தி பெருசாகுது. ஃபோன் ஆப்ல பாத்தா 40 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய மேடு. இதுல இன்னொரு கொடுமை, ரெக்கார்ட் வெட்டுறப்ப பேஸை குறைச்சுத்தான் வெட்டுவாங்க, இல்லன்னா பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்துல பாட்டே கொள்ளாது, அதை ஈடுகட்ட ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியோட சின்ன சிக்னலை பெருசாக்குறது) கீழ உள்ள சத்தத்தை தூக்கி விடும், 1000 ஹெர்ட்ஸோட ஒப்பிட்டா 50 ஹெர்ட்ஸ் 17 டெசிபல் மேல ஏறுது. அதாவது தரை அதிர்வையும் சேத்துத் தூக்குது.

அப்பத்தான் உறைச்சுது, பெரிய பேஸும் டர்ன்டேபிளும் பிறவி எதிரிங்க. ஒரு கிளப்ல வூஃபர் அடுக்கி வச்சு, அதே மேடைல ஊசியை வச்சு ஸ்க்ராட்ச் பண்ற ஆளுக்கு, கை வேலை தெரிஞ்சா மட்டும் பத்தாது.

தீர்வு கல்லுதான். சமையலறை மேடைக்கு கல் வெட்டுற எடத்துல மிஞ்சின கிரானைட் துண்டு, 20க்கு 18 இன்ச், 3 சென்டிமீட்டர் கனம், 20 டாலருக்குக் குடுத்தாங்க, கிட்டத்தட்ட 19 கிலோ. டென்னிஸ் பந்தை பாதியா வெட்டி வெட்டுப்பக்கம் கீழ வச்சு நாலு மூலைக்கும் குடுத்து, அது மேல கல்லு, அது மேல டெக். டெக்கே 12½ கிலோ, மொத்தமா அசைக்க ஆள் வேணும். சப்பை எதிர் மூலைக்குத் தள்ளினேன். கராஜ் தரை காங்க்ரீட்டுங்கிறது அதிர்ஷ்டம், மரத்தளமா இருந்தா இந்த மாதிரி தப்பிச்சிருக்க முடியாது. சப்சானிக் ஃபில்டரை 28 ஹெர்ட்ஸ் பக்கம் வச்சதும் ஊளை நின்னுச்சு. வீட்டுக்காரி உள்ள இருந்து "என்னங்க, சுவர்ல மாட்டின படம் எல்லாம் ஆடுது"ன்னு சொன்னா, அதை நான் பாராட்டாத்தான் எடுத்துக்கிட்டேன்.

இப்ப ஸ்க்ராட்ச். இதை கண்டுபிடிச்சவர்னு பொதுவா சொல்றது பிராங்க்ஸ்ல கிராண்ட் விசர்ட் தியோடர், 70-கள் நடுவுல, அம்மா திட்டறப்ப ரெக்கார்டை கையால பிடிச்சு நிறுத்தினப்ப வந்த சத்தம்னு அவரே சொல்ற கதை. நான் ஸ்க்ராட்ச் பண்றதுக்குன்னே வர்ற பேட்டில் ரெக்கார்ட் ஒண்ணு வாங்கினேன், அதுல ஒரு பக்கம் குரல் துண்டுங்க, இன்னொரு பக்கம் டிரம் சத்தம், 808 கிக்கும் இருந்துச்சு. 808ன்னா ரோலண்ட் டிஆர்-808ங்கிற டிரம் மெஷின், 1980-ல வந்து 1983-லயே நிறுத்தினது, மொத்தம் 12,000 சொச்சம்தான் செஞ்சாங்க, ஆனா ஃப்ளோரிடா பேஸ் மொத்தமும் அந்த ஒரு மெஷினோட கிக் மேலதான் நிக்குது. டிகே (சத்தம் தேயுற நேரம்) நாப்பை முழுசா திருப்பினா அடி முடிஞ்சும் 50 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு முனகல் நீண்டுக்கிட்டே போகும், அதைத்தான் கார் டிக்கிங்க வழியா தெரு பூரா கேப்போம்.

அந்த கிக்கையே ஸ்க்ராட்ச் பண்ணா எப்படி இருக்கும்னு ஆசை. பண்ணேன், ஒண்ணுமே கேக்கல, கோன் மட்டும் முன்ன பின்ன ஆடுது. யோசிச்சா காரணம் சிம்பிள், ரெக்கார்டை பாதி வேகத்துல தள்ளினா 50 ஹெர்ட்ஸ் 25 ஆகிடும், கால் வேகத்துல 12, காதுக்கும் எட்டாது, சப்புக்கும் முடியாது. கை திரும்புற ஒவ்வொரு நுனிலயும் வேகம் ஜீரோவுக்குப் போயிட்டு வருது, அதனால கீழ் சத்தம் எப்பவும் தரைக்கு அடில போயிடும். போர்ட் பாக்ஸ் போட்டிருந்தா இங்கதான் வூஃபர் கிழிஞ்சிருக்கும். குரல் துண்டுல 1000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற "ஆஆ"வை எடுத்தா பாதி வேகத்துல 500, ரெட்டிப்பு வேகத்துல 2000, எப்படி ஆட்டினாலும் காதுக்குள்ளயே நிக்குது.

இதை கையால பண்ணிப் பாத்தப்புறம் மேஜிக் மைக்கோட டிராப் தி பேஸ் போட்டுக் கேட்டேன், அப்பத்தான் பாட்டோட கட்டுமானம் புரிஞ்சுது. கீழ 808 நீண்டு கெடக்கு, மேல குரல் துண்டுங்களை வெட்டி வெட்டி விடுறாரு, நடுவுல கிட்டத்தட்ட காலி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. அந்த காலி எடத்தை முன்னாடி நான் "ப்ரொடக்‌ஷன் கொஞ்சம் மெலிசு"ன்னு நெனச்சிருந்தேன், இயர்ஃபோன்ல அப்படித்தான் தெரியும், கீழ் பாதியே வராதே. காருக்குள்ளயோ தலைகீழ், சப் அதிர்ற அதிர்வுல டேஷ்போர்டே கடகடங்கும், மேல அவர் பண்ற கட்டிங் (இந்த வெட்டு வேலை) அதுல முங்கிடும். மயாமில மிஸ்டர் மிக்ஸ்ங்கிற டிஜே 2 லைவ் க்ரூங்கிற ராப் குழுவுக்கு பண்ணதுலயும் பேஸும் கட்டிங்கும் சேந்துதான் இருக்கு, ஆனா அங்க ராப் முன்னாடி நிக்கும், டிஜே பின்னாடி. ஆர்லாண்டோ ஆளு டிஜேவையே முன்னாடி கொண்டு வந்து நிறுத்திட்டாரு, நெறைய எடத்துல பாடகரே தேவையில்ல. ராப்பர் இல்லாத ரெக்கார்டை "பேஸ் டெஸ்ட்"னு ஒதுக்குறது ஈஸி, அதுதான் நடந்துச்சுன்னு நெனைக்கிறேன்.

கூட சேந்து வெட்டிப் பாக்கலாம்னு ஆசைப்பட்டேன். பேபி ஸ்க்ராட்ச் (ரெக்கார்டை மட்டும் முன்ன பின்ன ஆட்டுறது) வருது, சிர்ப் (கூட மிக்சர் ஃபேடரையும் ஆட்டி குருவி மாதிரி கத்த வைக்கிறது) பாதி வருது, ட்ரான்ஸ்ஃபார்ம் (ஃபேடரால சத்தத்தை வேகமா தொறந்து மூடுறது) வரல. லேபிள்ல மணி 12 எடத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டினா எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணாலயே பிடிக்கலாம், அது ரொம்ப உதவுச்சு.

செலவு: டெக் 380, கேபிள் 18, ஸ்ப்ரே 15, கார்ட்ரிட்ஜ் 150, ஆம்ப் 140, பலகை 44, பசை வகையறா 25, கல்லு 20, பழைய மிக்சர் 120, ரெக்கார்டுங்க 25. மொத்தம் 937 டாலர், டென்னிஸ் பந்து வீட்லயே கெடந்துச்சு. வூஃபரும் காசு குடுத்து வாங்கினா ஆயிரத்தைத் தாண்டும்.

திரும்ப செஞ்சா மாத்துறது: முதல்ல கல்லு, அப்பறம்தான் சப். முன் பலகையை ரெண்டு ஷீட் ஒட்டி ஒன்றரை இன்ச் ஆக்குவேன், இப்ப வூஃபர் ஸ்க்ரூ அதிர்வுல மாசத்துக்கு ஒரு தடவையாவது இறுக்க வேண்டியிருக்கு. கேபிளை சால்டர் பண்றதுக்கு பதிலா டெக் பின்னாடி ஆர்சிஏ ஜாக் தகடு பொருத்தியிருப்பேன், அடுத்த தடவை கேபிள் செத்தா அந்த இருபது ஸ்க்ரூவை திரும்ப கழட்ட வேண்டாம். அப்பறம் இந்த பழைய மிக்சரோட க்ராஸ்ஃபேடர் (சத்தத்தை தொறந்து மூடுற நழுவு பட்டன்), ஓரத்துல இருந்து 4 மில்லிமீட்டர் நகந்த பிறகுதான் சத்தமே தொறக்குது, ட்ரான்ஸ்ஃபார்ம் வராததுக்கு பாதி காரணம் அதுதான்னு என் கட்சி, மீதி பாதி என் விரலு. புது ஃபேடர் ஆர்டர் போட்டிருக்கேன்.